அரியர் இல்லாத தேசம்

சாலமோன் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், இரண்டு வருடம் வேலை பார்த்தவர். திரும்பி வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால் நேற்றுக் காலைதான் விமானத்திலிருந்து இறங்கியவர் என்று தோன்றும். சேலையூரில் தண்ணீர் லாரி தாமதமானால், ஒஹையோவில் இப்படி இல்லை என்பார். சபையில் பிரசங்கம் நீண்டுபோனால் அதற்கும் ஒஹையோதான். அங்கே இருந்தவரை அவர் பார்த்தது ஆபீஸையும் ஒரே ஒரு தடவை நயாகராவையும் மட்டும்தான் என்று அவர் மனைவி தபீதாள் சொல்வாள். பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். கணக்கில் தப்பு விட மாட்டாள்.

அந்த இரண்டு வருடத்தில் அங்கே பிறந்தவள் மகள் ஹெப்சி. தலை நிற்பதற்கு முன்பே அவளுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அன்றே சாலமோன் முடிவு செய்துவிட்டார். இங்கே பிளஸ் டூ, அங்கே கல்லூரி, பிறகு அங்கேயே மருத்துவப் படிப்பு. நீட் எழுதி முட்டிக்கொள்பவர்கள் முட்டிக்கொள்ளட்டும்.

அதிசயம் என்னவென்றால், ஹெப்சிக்கும் டாக்டராகத்தான் ஆசை. அப்பா சொல்லி வந்த ஆசை இல்லை. ஐந்தாம் வகுப்பில் தெருநாய் கடித்து ஊசி போட்டபோது, இந்த மருந்து உள்ளே போய் என்ன செய்யும் என்று நர்ஸிடம் கேட்டாள். நர்ஸ் தெரியாது என்றதும்தான் அழுதாள்.

அவள் பிளஸ் ஒன் படிக்கும்போது சாலமோன் தினகரனைக் கண்டுபிடித்தார். கேம்ப் ரோடு சந்திப்பில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில் தினகரனின் வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையம் இருந்தது. சுவரில் ஒட்டிய படத்தில் சுதந்திர தேவி ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு நின்றாள். தினகரன் அதற்கு முன்பு கோவிலம்பாக்கத்தில் மனை விற்றவர். தொழில் மாறியதே தவிர வாய் மாறவில்லை.

"இன்னா சார், அமெரிக்கா பாஸ்போர்ட்டை வச்சிக்கினு சும்மா கீறீங்க? அங்க பசங்க ஸ்கூல்ல இருக்கசொல்லவே காலேஜ் பாடத்தை முடிச்சிடறாங்க. பாப்பா வூட்ல குந்திக்கினே ஆன்லைன்ல படிக்கலாம். மெடிக்கல் காலேஜ்காரன் பார்த்தா மெரண்டுடுவான். இப்பவே புக் பண்ணிக்கோங்க."

அமெரிக்காவின் ஏதோ ஒரு ஊரில் உள்ள சிறு கல்லூரி ஒன்றின் உயிரியல் பாடத்தில் ஹெப்சி ஆன்லைனில் சேர்ந்தாள். அந்தப் பாடத்தோடு அவள் சாப்பிட்டாள், பஸ்ஸில் போனாள், வீட்டுச் சொந்தக்காரரின் பூனை செத்தபோது அது எதனால் செத்தது என்று காரணம் சொன்னாள். முடிவில் ஏ வாங்கினாள்.

அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு ஏ என்பது சாலமோனுக்கு ஒரு தொடக்கம். ஒரே பாடத்தில் ஏ வாங்குகிற பெண் நான்கு பாடத்தில் நான்கு ஏ வாங்க மாட்டாளா? பிளஸ் டூ தொடங்கியதும் வேதியியல், புள்ளியியல், உளவியல் என மூன்றைச் சேர்த்தார். நான்காவதாக ஐரோப்பிய ஓவிய வரலாறு. டாக்டருக்கு ஓவியம் எதற்கு என்று தபீதாள் கேட்டாள். எல்லாத் துறையிலும் ஞானம் உள்ள பிள்ளை என்று காட்டத்தான் என்றார் தினகரன். மூலை மனைக்கு இரண்டு பக்கமும் ரோடு என்று சொல்கிற அதே தொனி.

அரையாண்டுத் தேர்வு வந்தது. பள்ளியில் ரிவிஷன், ஸ்பெஷல் கிளாஸ், செய்முறை நோட்டு எல்லாம் சேர்ந்து வந்தன. ஓவிய வரலாற்றில் வாரா வாரம் ஒரு படத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கட்டுரை எழுத வேண்டும். இரண்டு வாரம் எழுதாமல் விட்டதும் கல்லூரியிலிருந்தே ஹெப்சிக்கு மின்னஞ்சல் வந்தது. முடியவில்லை என்றால் குறிப்பிட்ட தேதிக்குள் விலகிக்கொள்ளலாம், மதிப்பெண் பட்டியலில் டபிள்யூ என்று ஓர் எழுத்து மட்டும் வரும், பதினெட்டு வயது ஆகாததால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஹெப்சி அன்றே விண்ணப்பித்துவிட்டு அப்பாவிடம் வந்தாள்.

"ஆர்ட் ஹிஸ்டரியை மட்டும் விட்டுடறேன்பா. இன்னும் ஒரு வாரம் டைம் இருக்கு. நீங்க ஓகேன்னு ஒரு மெயில் போட்டா போதும்."

"பாதியில விடறது நம்ம குடும்பத்துலயே கிடையாது."

"உங்க தம்பி எத்தனை காலேஜைப் பாதியில விட்டாரு?" என்று தபீதாள் சமையலறையிலிருந்து கேட்டாள்.

சாலமோன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

"ஃபெயில் ஆயிட்டா என்னப்பா பண்றது?" என்றாள் ஹெப்சி.

"ஆனா என்ன? அரியர். அடுத்த செமஸ்டர்ல தூக்கிடலாம். நான் எட்டு அரியரை ஒரே அட்டெம்ப்ட்ல தூக்கினவன். இன்னிக்கு என்கிட்ட எவன் கேக்கறான்?"

இது சாலமோன் ஒருவரின் கொள்கை அல்ல. தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் படித்து வந்த ஒரு தலைமுறையின் வேத வாக்கு. அரியர் என்பது ஜலதோஷம் மாதிரி. வரும், போகும். போன பிறகு உனக்கு எப்போது மூக்கு ஒழுகியது என்று யாரும் கேட்பதில்லை. பட்டம் கையில் வரும்போது அதில் அரியர் இருக்காது. தோற்பது தப்பில்லை, விலகுவதுதான் கேவலம். ஹாலுக்குப் போய் உட்கார்ந்து, கேள்வியையே திருப்பி விடையாக எழுதிவிட்டு வந்தவன்கூட அட்டெம்ப்ட் பண்ணியவன்.

ஆகவே அவர் மின்னஞ்சல் போடவில்லை. தேதி போய்விட்டது. ஓவிய வரலாற்றில் ஹெப்சி எஃப் வாங்கினாள்.

சாலமோன் ஒரு சொல் திட்டவில்லை. தான் சொன்னபடியே நடப்பதில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அடுத்த பருவத்தில் அதே பாடத்தை மறுபடி எடுக்க வைத்தார். பொதுத்தேர்வு முடிந்த கையோடு ஹெப்சி உட்கார்ந்து அத்தனை கட்டுரையையும் எழுதி ஏ வாங்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் போதகரான ஐயர் ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசித்தபோது, கிழக்குத் தாம்பரத்தில் புது வீடு கட்டியவர்களுக்கும் பித்தப்பைக் கல் நீங்கியவருக்கும் நடுவில், தங்கள் மகள் அமெரிக்கக் கல்லூரிப் பாடங்களில் தேறியதற்காக சாலமோன் குடும்பத்தார் என்பதும் வந்தது. சாலமோன் குனிந்த தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, யார் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தார்.

திரும்பிப் பார்த்தவர்களில் ஒருவன் ஜோஸ்வின். பாடகர் குழுவை நடத்தும் டெபோராவின் மகன். அமெரிக்காவில் மூன்றாம் ஆண்டு மருத்துவம் படிப்பவன், தங்கை கல்யாணத்துக்காக வந்திருந்தான். ஆராதனை முடிந்து எல்லோரும் பந்தலுக்கு அடியில் டீயும் பன்னுமாக நின்றபோது அவன் ஹெப்சியிடம் வந்தான்.

"தேறினதுக்கு ஸ்தோத்திரம்னா, முதல்ல தேறலைன்னு அர்த்தமா?"

ஹெப்சி சிரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவன் பன் தின்பதை நிறுத்திவிட்டான்.

"அந்த எஃப் அப்படியே இருக்குமே" என்றான்.

"அதான் கிளியர் பண்ணியாச்சேப்பா" என்றார் பக்கத்தில் நின்ற சாலமோன்.

"கிளியர்னு ஒண்ணு அங்க கிடையாது அங்கிள். மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றப்ப, நாம எந்தக் காலேஜ்ல எந்தப் பாடம் எடுத்திருந்தாலும் போட்டாகணும். ஸ்கூல் படிக்கறப்ப எடுத்ததும் சேர்த்துத்தான். எஃப்பும் வரும், அப்புறம் வாங்கின ஏவும் வரும். ரெண்டையும் சேர்த்துத்தான் சராசரி போடுவாங்க."

"விலகியிருந்தா?" என்று கேட்டாள் ஹெப்சி.

"டபிள்யூ கணக்குலயே வராது. யாராவது கேட்டா, அப்ப பிளஸ் டூ பரீட்சைன்னு சொல்லலாம், முடிஞ்சது. ஒரு எஃப்பால எல்லாம் போயிடும்னு சொல்லல. ஆனா அங்க ஒரு சீட்டுக்கு அத்தனை பேர் நிக்கறாங்க. ஒதுக்கறதுக்கு ஒரு காரணம் கிடைச்சா போதும்னு இருப்பாங்க."

"நான் இருந்தப்ப இப்படி இல்லையே" என்றார் சாலமோன்.

"நீங்க அங்க எந்தக் காலேஜ் அங்கிள்?" என்று ஜோஸ்வின் மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

சாலமோன் டீ ஆறிவிட்டது என்று சொல்லி வேறு டீ வாங்கப் போனார். ஹெப்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்று அம்மாவின் கையைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். நாய் கடித்தபோது அழுததற்குப் பிறகு அவள் அழுது தபீதாள் கேட்டது அன்றுதான்.

மறுநாள் மாலை மூன்று பேரும் தினகரன் முன்னால் உட்கார்ந்தார்கள். தினகரன் துளியும் கலங்கவில்லை. அந்தக் கல்லூரியைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிட்டால் போயிற்று என்றார்.

"சேலையூர்ல குந்திக்கினு வாங்கின எஃப்பை அமெரிக்காக்காரன் எப்டி சார் கண்டுபிடிப்பான்?"

"காலேஜே அமெரிக்காவுலதான் சார் இருக்கு" என்றாள் ஹெப்சி.

தினகரன் சுவரில் இருந்த சுதந்திர தேவியை ஒரு தடவை பார்த்தார். "அதுவும் கரெக்டுதான்" என்றார்.

சாலமோன் தானே களத்தில் இறங்கினார். கல்லூரிக்கு முதலில் மறுமதிப்பீடு கேட்டு எழுதினார். எழுதாத கட்டுரையை எப்படி மறுமதிப்பீடு செய்வது என்று பணிவாகக் கேட்டுப் பதில் வந்தது. கருணை மதிப்பெண் உண்டா என்று எழுதினார். அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டார்கள். மூன்றாவது கடிதத்துக்கு அவர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். நோய் போன்ற தக்க காரணம் இருந்திருந்தால், ஆதாரத்துடன் மாணவியே தன் சொந்த வார்த்தையில் முறையீடு செய்யலாம், மாத இறுதிக்குள் வந்தால் எஃப்பை டபிள்யூவாக மாற்றுவது பற்றிக் குழு பரிசீலிக்கும்.

சாலமோனின் கண்ணில் பட்டது நோய் என்ற ஒரே சொல். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எம்.சி.!

எம்.சி. என்றால் மெடிக்கல் சர்டிஃபிகேட். மச்சினன் கல்யாணம், வேளாங்கண்ணிப் பயணம், வீட்டுக்கு ஒட்டடை அடிப்பது ஆகிய எல்லாத் தேவைகளுக்கும் நம் ஊரில் கண்கண்ட மருந்து. தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் டாக்டர் லோகநாதன் அதில் கைராசிக்காரர். ஆனால் கொள்கைப் பிடிப்பு உள்ளவர். ஆளை நேரில் பார்க்காமல் எம்.சி. தர மாட்டார். ஆகவே ஹெப்சியையும் அழைத்துப் போக வேண்டியதாயிற்று. தபீதாளும் கூட வந்தாள். மருத்துவ சீட்டுக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்குகிற அழகைப் பார்க்க வேண்டுமாம்.

டைபாய்டு போடலாமா என்றார் டாக்டர். டைபாய்டு இப்போதெல்லாம் எல்லோருக்கும் வருகிறது, கொஞ்சம் கனமாக வேண்டும் என்றார் சாலமோன். புடவைக் கடையில் ஜரிகை பார்ப்பதுபோல் இருவரும் பேசி மஞ்சள் காமாலையில் வந்து நின்றார்கள். பருவம் முழுவதையும் மூடியாக வேண்டும் என்பதால் மூன்று மாதம். டாக்டரின் சீட்டு ஆபீஸ்காரர்களுக்காக அச்சடித்தது. மேற்படியார் அலுவலகப் பணிக்குச் செல்ல இயலாதவராக இருந்தார், தற்போது பணியில் சேரத் தகுதியுடன் உள்ளார் என்று இருந்தது. பதவி என்ற இடத்தில் என்ன போடுவது என்று டாக்டர் பேனாவைத் தூக்கியபடி யோசித்தார்.

"பாப்பா என்னவாகப் போறா?"

"டாக்டர்" என்றார் சாலமோன் பெருமையாக.

"அடடே, நம்ம லைனு" என்று டாக்டர் லோகநாதன் சந்தோஷப்பட்டு, சீட்டில் மாணவி என்று எழுதினார்.

"சார், காமாலை மூணு மாசம் இருந்துச்சுன்னா லிவர் டெஸ்ட் ரிப்போர்ட் கேப்பாங்களே?" என்றாள் ஹெப்சி.

"அதெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. இத்தனை வருஷத்துல ஒரு ஆபீஸ்லயும் கேட்டதில்ல."

"மூணு மாசம் எனக்குக் காமாலைன்னா அதே மூணு மாசத்துல கெமிஸ்ட்ரில எப்படி சார் பி வாங்கினேன்?"

டாக்டர் சாலமோனைப் பார்த்தார். சாலமோன் சுவரில் இருந்த குழந்தைகள் தடுப்பூசி அட்டவணையைப் பார்த்தார். தபீதாள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் இருமுவதாக டாக்டர் நினைத்து, அம்மாவுக்கும் ஏதாவது எழுதட்டுமா என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஹெப்சி அந்தச் சீட்டைச் சாப்பாட்டு மேஜையில், அப்பாவின் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"இதை நான் அனுப்ப மாட்டேன்பா."

"எல்லாரும் பண்றதுதானே ஹெப்சி. உனக்காகத்தான் அலையறேன்."

"அந்த எஃப் என்னோடது. இந்தக் காமாலை என்னோடது இல்ல."

அவளே ஒரு முறையீடு எழுதினாள். நோய் எதுவும் இல்லை, பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வு நேரம், நான்கு பாடம் என் சக்திக்கு மீறியது, உரிய தேதிக்குள் விலகக் கேட்டேன், வீட்டில் ஒப்புதல் கிடைக்கவில்லை. அவ்வளவுதான். அப்பாவிடம் காட்டாமலே அனுப்பினாள்.

பதில் சாலமோனுக்கும் சேர்த்து வந்தது. மாணவியின் விண்ணப்பம் உரிய தேதியில் எங்களிடம் பதிவாகியிருக்கிறது. அவள் கேட்டதையும், ஒப்புதல் தராதது யார், ஏன் என்பதையும் பெற்றோரில் ஒருவர் தன் கையெழுத்தில் எழுதி, நோட்டரி முன்னிலையில் ஒப்பமிட்டு அனுப்பினால் எஃப்பை நீக்கி டபிள்யூ போடுகிறோம். இல்லாவிட்டால் எஃப் நிற்கும்.

இதற்கு மேல் சுலபமாக ஒரு வழி யாரும் காட்ட முடியாது. சாலமோனும் உடனே உட்கார்ந்து எழுதினார். தவிர்க்க முடியாத காரணங்களால் ஒப்புதல் வழங்க இயலாமல் போயிற்று என்று கம்பீரமான ஆங்கிலத்தில் எழுதி, சரிபார்க்கச் சொல்லி ஒரு நகலைக் கல்லூரிக்கு அனுப்பினார். யாரால் இயலாமல் போயிற்று என்று கேட்டுத் திரும்பி வந்தது.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆபீஸில் அவர் மேனேஜர். வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கைகளை எழுதுபவர். பதினாறு வருடமாக அவர் அறிக்கைகளில் சர்வர்கள் தாமாகவே விழுந்திருக்கின்றன, தேதிகள் தாமாகவே தள்ளிப் போயிருக்கின்றன. யாரும் எதையும் செய்ததில்லை. நான் என்ற சொல்லை அவர் சம்பள உயர்வு கேட்கும் படிவத்தில் மட்டும்தான் போட்டிருக்கிறார்.

இரண்டாவது முறை, பெற்றோர் ஒப்புதல் தரவில்லை என்று எழுதினார். தபீதாள் எட்டிப் பார்த்தாள்.

"பெத்தவங்கன்னா நானும் சேர்த்தியா? நான் எப்பங்க வேண்டாம்னு சொன்னேன்?"

மூன்றாவது முறை, குடும்பச் சூழல் என்று தொடங்கினார். அதை அவரே கசக்கிப் போட்டார். மாத இறுதி வந்துவிட்டது. ஹெப்சி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் கோபப்பட்டிருக்கலாம், அந்தக் கோபத்தில் இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருக்கலாம். அவள் வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் மட்டும் ஒவ்வொரு நாளும் கேட்டது.

கடைசி நாள் காலையில் சாலமோன் ஆபீஸுக்கு லீவு போட்டார். ஹெப்சியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தாம்பரம் கோர்ட்டுக்கு வெளியே தகரக் கூரைக்குக் கீழ் உட்கார்ந்திருக்கும் நோட்டரிகளில் ஒருவரிடம் போனார். சபையிலேயே நோட்டரி ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் எதையும் வாசித்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார், வாசித்ததை மனைவியிடமும் சொல்வார். தகரக் கூரை நோட்டரி அப்படிப்பட்டவர் அல்ல. சாலமோன் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்ததும், அவர் போனில் யாருடனோ வில்லங்கச் சான்றிதழைப் பற்றிப் பேசிக்கொண்டே கையெழுத்து வாங்கினார், டப் டப் என்று இரண்டு முத்திரை குத்தினார். அதில் ஒருவர் தன் சொத்தையே எழுதிக் கொடுத்திருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

படம் எடுத்து அனுப்புவதற்காக ஹெப்சி தாளை வாங்கினாள். பிரித்தாள். அப்போதுதான் அவளும் வாசித்தாள். ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியதுபோல் குட்டிக் குட்டி வாக்கியங்கள். என் மகள் உரிய தேதிக்குள் கேட்டாள். நான் மறுத்துவிட்டேன். அந்தக் கல்லூரியின் விதி எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்தேன். அவள் யாரிடமும் பொய் சொல்லவில்லை.

சாலமோன் ஜி.எஸ்.டி. ரோட்டில் போகும் பஸ்களின் எண்களைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"ம்."

"ரெஃப்யூஸ்ல ஒரு எஃப் அதிகமா இருக்குப்பா."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். ஆபீஸில் எழுத்துப் பிழையைக் கணினி திருத்திவிடும். கையால் எழுதி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. பேனாவை எடுத்து அந்த எஃப்பை ஒரு கோட்டால் அடித்தார். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும் என்று நோட்டரி போனிலிருந்து வாயை எடுக்காமலே சொன்னார். அந்த இடுக்கில் சாலமோன் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். நோட்டரி அதன்மேலும் ஒரு முத்திரை குத்தினார்.

ஹெப்சி தாளை ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்து வைத்தாள். மூலை காற்றில் தூக்கியது. அப்பாவை ஒரு பக்கம் விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் விரல் எழுத்துகளை மறைத்தது. கொஞ்சம் தள்ளிப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்து, அங்கேயே நின்று அனுப்பினாள்.